சருகுக்குள் கழிந்த குளிர்காலம்: ஓக் இலைச்சுரங்க அந்துப்பூச்சியை வளர்த்தெடுத்த அனுபவம்

செப்டம்பர் முடியும் தறுவாயில் ஓக் இலைகளை அண்ணாந்து பார்க்காமல், கிளையைத் தாழ்த்தி மேற்பரப்பைப் பார்த்தால், வெள்ளைத் தாளைக் கிழித்து ஒட்டியது போன்ற திட்டுகள் சில இலைகளில் தென்படும். அந்தத் திட்டின் நடுவே, மிளகு ஒன்றை வைத்து அழுத்தி எடுத்தது போன்ற வட்டமான தடம் இருக்கும். இலையின் இரண்டு தோல்களுக்கும் நடுவில் குடியிருந்துகொண்டு சதையை மட்டும் தின்னும் ஒரு புழு செய்த வேலை அது. அதன் பெயர் திஷேரியா எக்கெபிளாடெல்லா. வளர்ந்த அந்துப்பூச்சி இறக்கைகளை விரித்தால் 8 முதல் 11 மில்லிமீட்டர்தான் இருக்கும். ஐரோப்பாவில் ஓக் மரங்கள் நிற்கும் இடங்களில் பரவலாக வாழ்கிறது. இனிப்புச் செஸ்ட்நட் மரத்தின் இலையிலும் வளரும். 1795-இல் சுவீடன் நாட்டுப் பாதிரியாரும் இயற்கை ஆய்வாளருமான கிளாஸ் பியெர்கண்டர் இதற்குப் பெயரிட்டார். பழைய நூல்களில் இதே பூச்சி திஷேரியா காம்பிளானெல்லா என்ற பெயரில் இருப்பதால், பழைய குறிப்புகளைத் தேடுவோர் இரண்டு பெயர்களையும் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இந்தப் பூச்சியைச் சுரங்கத்திலிருந்து அந்துப்பூச்சியாக வெளிவரும்வரை வளர்த்துப் பார்க்க இரண்டு குளிர்காலங்கள் முயன்றேன். முதல் குளிர்காலத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. இரண்டாம் முறை 57 சுரங்கங்களிலிருந்து 21 அந்துப்பூச்சிகள் வெளிவந்தன. இரண்டு முறையும் செய்ததை எழுதி வைப்பதற்குக் காரணம், இந்தப் புழுவுக்கு உணவு கொடுப்பது ஒரு பிரச்சினையே இல்லை என்பதுதான். நாம் எடுக்கும்போது அது தின்று முடித்துவிட்டிருக்கும். அதன் பிறகு ஆறு ஏழு மாதம் ஒரு காய்ந்த இலையைச் சரியான ஈரத்தில் காத்து வைப்பது மட்டுமே நம் வேலை. அந்த ஒரு வேலைதான் கடினமானது.

சேகரிப்பதற்கு முன், சுரங்கம் எப்படி வளர்கிறது என்பதை மரத்திலேயே பார்த்துவிட வேண்டும் என்று விரும்பினேன். என் நடைவழியில் நிற்கும் மூன்று ஓக் மரங்களில், நெஞ்சுயரக் கிளையில் இருந்த ஆறு இலைகளுக்குச் சாயம் போகாத நூலைக் காம்பில் தளர்வாகக் கட்டி அடையாளமிட்டேன். ஒவ்வொரு நாள் மாலையும், மெல்லிய முனையுள்ள பேனாவால் சுரங்கத்தின் விளிம்பை ஒட்டி, ஆனால் சுரங்கத்தின் மேல் படாமல், நான்கு திசையிலும் ஒரு புள்ளி வைத்து வந்தேன். மறுநாள் அந்தப் புள்ளி சுரங்கத்துக்குள் போய்விட்டிருந்தால் புழு அந்தப் பக்கம் தின்றிருக்கிறது என்று பொருள். சில நாள்களில் ஒரே பக்கத்தில் இரண்டு மில்லிமீட்டர் நகர்ந்திருக்கும், மற்ற மூன்று பக்கமும் அப்படியே இருக்கும். குளிர்ந்த, மழை பிடித்த நாள்களில் எந்தப் புள்ளியும் நகரவில்லை. பெரிய நரம்பு வந்தால் புழு அதைக் கடக்கத் தயங்குவதையும், அதனால் சுரங்கம் நரம்போரமாக நீண்டு போவதையும் புள்ளிகள் தெளிவாகக் காட்டின.

இலைக்குப் பின்னால் சிறிய டார்ச் விளக்கைப் பிடித்து, முன்னாலிருந்து பத்து மடங்கு பெரிதாக்கும் கைவில்லையால் பார்ப்பதே இந்த வேலையின் பெரிய இன்பம் என்று சொல்வேன். சுரங்கம் ஒளியில் பால்கண்ணாடி போல் இருக்கும். அதற்குள் வெளிர்மஞ்சள் நிறத்தில் தட்டையான புழுவின் உருவம் நிழலாய்த் தெரியும். தின்னும்போது அது தன் தலையை இடமும் வலமுமாக வளைத்து, பச்சைச் சதையின் விளிம்பை வில்போல் அரிந்துகொண்டே போகிறது. விரலால் காம்பை லேசாகச் சுண்டினால், உடனே பின்வாங்கி நடுவட்டத்துக்குள் ஒடுங்கிவிடும். அந்த வட்டம் வெறும் தடம் அல்ல. புழு தன் பட்டு நூலால் தரையும் கூரையும் பாவி அமைத்த ஓர் அறை. ஓய்வும் பாதுகாப்பும் குளிர்கால உறக்கமும் கூட்டுப்புழுப் பருவமும் எல்லாம் அந்த அறைக்குள்தான். இன்னொரு செய்தியும் உண்டு. மற்ற பல இலைச்சுரங்கப் பூச்சிகள் தம் எச்சத்தைக் கோடாகவோ குவியலாகவோ சுரங்கத்துக்குள்ளேயே விட்டுவைக்கும். இந்தப் புழு சுரங்கத்தில் ஒரு சிறு துளை விட்டு, எச்சத்தை அதன் வழியாக வெளியே தள்ளிவிடுகிறது. ஆகவே சுரங்கம் முழுவதும் ஒரு கரும்புள்ளிகூட இல்லாமல் தூய்மையாக இருக்கும். ஓக் இலையில் மேற்பரப்பில் இருக்கும் அகன்ற வெண்திட்டு, உள்ளே எச்சம் இல்லை, நடுவில் பட்டு வட்டம் உண்டு: இவை மூன்றும் சேர்ந்தால் இனத்தைப் பற்றி ஐயம் கொள்ளத் தேவையில்லை.

வெண்மை எங்கிருந்து வருகிறது என்பதையும் ஒரு பழைய சுரங்கத்தைப் பிரித்துப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். புழு தின்பது மேல்தோலுக்கு அடியில் நெருக்கமாக நிற்கும் பாலிசேடு செல்களை; இலையின் பச்சையில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. அது போனதும் நிறமற்ற மேல்தோல் கண்ணாடித்தாள் போல் தனித்து நிற்க, அதன் கீழே காற்று நிரம்புகிறது. அந்தக் காற்றுப் படலம்தான் ஒளியைச் சிதறடித்து வெண்மையாகக் காட்டுகிறது. கீழ்த்தோலும் அதை ஒட்டிய பஞ்சு போன்ற சதையும் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், இலையைத் திருப்பிப் பார்த்தால் சுரங்கம் இருப்பதே சரியாகத் தெரியாது. மேலேயிருந்து பார்க்க வேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னது இதற்காகத்தான்.

ஓக் இலையைத் தின்னும் பெரும்பாலான புழுக்கள் வசந்தத்தில் தளிர் விரியும்போதே வந்துவிடுகின்றன. ஆக்ஸ்போர்டுக்கு அருகிலுள்ள வைத்தம் காட்டில் ஆய்வு செய்த பால் ஃபீனி, 1970-இல் வெளியிட்ட கட்டுரையில், கோடை வளர வளர ஓக் இலையில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் கூடி, இலை தடித்து, புரதம் குறைவதே குளிர்கால அந்துப்பூச்சியின் புழுக்கள் வசந்தத்தில் முந்திக்கொள்வதற்குக் காரணம் என்று காட்டினார். அந்த நோக்கில் பார்த்தால் நம் பூச்சி மிகவும் தாமதமாக வருகிறது. மே, ஜூன் மாதங்களில் பறந்து, அதன் பிறகு இட்ட முட்டையிலிருந்து வந்த புழு இலை உதிரும் காலத்துக்குச் சற்று முன்புவரை தின்றுகொண்டிருக்கிறது. தோலையும் தடித்த நரம்பையும் விட்டு, நடுவிலுள்ள மெல்லிய சதையை மட்டும் தேர்ந்து தின்ன முடிவதால் முதிர்ந்த இலையும் அதற்குப் போதுமானதாகிறது என்றே நான் கருதுகிறேன்.

முதல் ஆண்டு அக்டோபர் கடைசியில் 31 சுரங்கங்களைச் சேகரித்தேன். பாதியை மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவில், அடியில் ஈரமான காகிதத் துண்டு விரித்து, அறைக்குள் அலமாரியில் வைத்தேன். மறு பாதியைக் காகித உறைகளில் போட்டு அதே அலமாரியில் வைத்தேன். மூன்றாம் வாரம் டப்பாவைத் திறந்தபோது இலைகளின் மேல் சாம்பல் நிறப் பூஞ்சணம் பஞ்சுபோல் படர்ந்திருந்தது. ஈரத்தைத் துடைத்து, கெட்டுப்போன இலைகளை நீக்கி, மூடியில் துளையிட்டும் பயனில்லை. ஜனவரிக்குள் பட்டு அறைகளுக்கு உள்ளேயே பூஞ்சணம் புகுந்துவிட்டது. காகித உறையில் இருந்தவற்றின் கதை நேர் எதிரானது. இலைகள் சுத்தமாக, அப்பளம்போல் நொறுங்கும் நிலையில் இருந்தன. ஒரு வட்டத்தை ஊசிமுனையால் திறந்தபோது, உள்ளே புழு தவிட்டு நிறத்தில் சுருங்கி, அரிசிக் குறுணை அளவுக்கு வற்றிக் கிடந்தது. பதினெட்டு, இருபது டிகிரி வெப்பமுள்ள உலர்ந்த அறை அதன் உடல்நீரை மெல்ல மெல்ல உறிஞ்சிவிட்டது.

இரண்டு தவறுகளும் ஒன்றுக்கொன்று எதிரானவை என்றாலும் அடிப்படை ஒன்றுதான். இந்தப் புழுவுக்கு இயற்கையில் வாய்க்கும் குளிர்காலம் எதுவோ அதை நான் கொடுக்கவில்லை. மரத்தடியில் கிடக்கும் சருகு மழையில் நனைகிறது, காற்றில் உலர்கிறது, உறைபனியில் விறைக்கிறது, மறுபடியும் நனைகிறது. எந்த நிலையும் வாரக்கணக்கில் நீடிப்பதில்லை. குளிர் இருப்பதால் பூஞ்சணம் வேகமாக வளர முடிவதில்லை. ஈரம் அடிக்கடி திரும்புவதால் புழு வற்றுவதுமில்லை. இதைச் செயற்கையாக வீட்டுக்குள் உண்டாக்க முயல்வதைவிட, வெளியிலேயே வைத்துவிட்டு, இலைகள் சிதறாமலும் பிற உயிர்கள் புகாமலும் காவல் போடுவதே சரி என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் ஆண்டு சேகரிப்பதையும் மாற்றினேன். மரத்தில் பச்சையாக இருக்கும் இலையைப் பறித்தால், புழு தின்று முடிக்கும் முன்பே இலை வாடிவிடும் ஆபத்து உண்டு. எனவே தானாக உதிர்ந்த இலைகளையும், தொட்டாலே உதிரும் பழுத்த இலைகளையும் மட்டும் எடுத்தேன். உதிர்ந்து பழுப்பேறிய பின்னும் சுரங்கம் வெளிர் நிறத்தில் தனித்துத் தெரியும், நடுவட்டம் இன்னும் எடுப்பாகத் தெரியும். மழை பெய்த மறுநாள் காலையில் இலைகள் கருத்திருக்கும்போது தேடினால் கண்ணில் இன்னும் எளிதாகப் படுகிறது. மூன்று நடையில், உதவாதவற்றைக் கழித்த பின், 48 இலைகளில் 57 வட்டங்கள் தேறின.

ஒவ்வோர் இலையையும் விளக்கின் எதிரே பிடித்துப் பிரித்தேன். வட்டத்துக்குள் முழுமையான, உருண்டு திரண்ட நிழல் இருந்தால் மட்டுமே சேர்த்தேன். சில சுரங்கங்கள் ஏற்கெனவே கிழிக்கப்பட்டிருந்தன. டிட் வகைச் சிறு பறவைகள் சுரங்கத்தைக் கொத்தித் திறந்து புழுவை எடுத்துக்கொள்ளும்போது மேல்தோல் முக்கோணமாகக் கிழிந்து மடிந்து நிற்கிறது. வேறு சிலவற்றில் ஊசி குத்தியது போன்ற வட்டத்துளை இருந்தது. ஒட்டுண்ணிக் குளவி முன்னரே வளர்ந்து வெளியேறிப் போனதற்கான அடையாளம் அது. நடுவட்டம் இல்லாமல், சிறிதாக, பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறத்தில், நீரில் கல்லெறிந்தது போன்ற ஒன்றினுள் ஒன்றான வளையங்களோடு இருந்த இரண்டு சுரங்கங்களையும் ஒதுக்கினேன். அவை இதே பேரினத்தைச் சேர்ந்த திஷேரியா டோடோனேயா என்னும் சிறிய இனத்தின் வேலை. அதை இன்னொரு குப்பியில் தனியே வைத்தேன்.

அடுத்தது தொட்டி. மெருகு பூசாத சுட்ட மண் தொட்டி ஒன்றை எடுத்தேன். அதன் சுவரே ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் என்பதால் பிளாஸ்டிக்கைவிட இது பல மடங்கு நல்லது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கழுவிய மணல், அதன் மேல் கொதிநீரில் அலசிப் பிழிந்த ஸ்பேக்னம் பாசி ஒரு படலம். இலைகளைப் பழைய நைலான் காலுறைகளில், ஒரு காலுறைக்குப் பன்னிரண்டு இலைகளுக்கு மேல் போகாமல், ஒன்றன்மேல் ஒன்று அழுந்தாமல் தளர்வாக இட்டு முடிந்தேன். முடிச்சில் எண் எழுதிய தகட்டுத் துண்டு. தொட்டியின் வாயில் நெருக்கமான வலையைக் கட்டினேன். மழை வலை வழியாக உள்ளே விழ வேண்டும், மணல் வழியாக வடிந்துவிட வேண்டும். இதுதான் அமைப்பின் மொத்தக் கருத்து. வெயில் நேராகப் படாத வடக்குச் சுவரோரம், தரையில் வைத்தேன்.

தரையில் நேரடியாக வைத்தது பிழையாயிற்று. நவம்பர் நடுவில் வலையைத் திறந்தபோது கீழே இருந்த காலுறையின் ஒரு மூலை வடிகால் துளைக்குள் இழுபட்டுக் கூம்புபோல் மாட்டியிருந்தது. மண்புழு ஒன்று துளை வழியே ஏறி, நைலானோடு சேர்த்து இலையின் நுனியைப் பற்றி இழுத்திருக்கிறது. உதிர்ந்த இலைகளை வளைக்குள் இழுத்துச் செல்வது மண்புழுவின் அன்றாட வேலை என்பதை அறிந்தும் நான் அதை எண்ணிப் பார்க்கவில்லை. இயற்கையிலும் இந்தப் பூச்சிகளில் ஒரு பங்கு இப்படித்தான் மண்ணுக்குள் போய் அழியும் போலும் என்று அப்போது தோன்றியது. இரண்டு இலைகள் நுனியில் நைந்திருந்தன, நல்லவேளையாக வட்டங்கள் தப்பின. தொட்டியைத் தூக்கி மூன்று ஓட்டுத் துண்டுகளின் மேல் நிறுத்தி, வடிகால் துளையின் மேல் உள்பக்கமாக ஒரு துண்டு உலோக வலையை வைத்தபின் அந்தத் தொல்லை திரும்பவில்லை. ஓடில்லா நத்தைகள் தொட்டியின் புறச்சுவரில் ஏறுவதைக் கண்டேன், ஆனால் வலையைத் தாண்டவில்லை.

குளிர்காலம் முழுவதும் வாரம் ஒருமுறை பார்த்தேன். ஈரம் சரியாக இருக்கிறதா என்பதை அறிய நான் கடைசியில் நம்பியது கையையும் காதையும்தான். காலுறையைத் தூக்கி மெல்ல அசைத்தால் சருகுகள் சலசலக்கக் கூடாது. அப்படிச் சலசலத்தால் அன்று மாலை கொதித்து ஆறிய நீரைத் தெளிப்பேன். அதே நேரத்தில், இரண்டு இலைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பிரிய மறுத்தால் ஈரம் மிகுந்துவிட்டது என்று பொருள். காலுறைகளை எடுத்து ஒரு பகல் முழுவதும் கூரைக்குக் கீழே காற்றில் தொங்கவிடுவேன். இந்த இரண்டுக்கும் நடுவில், இலை பழைய தோல் செருப்பின் வார்போல் வளைந்துகொடுத்தும் ஒடியாமலும் இருக்கும் நிலை ஒன்று இருக்கிறது. அந்த நிலையைக் கை ஒருமுறை அறிந்துவிட்டால் பிறகு கருவி எதுவும் வேண்டியதில்லை. டிசம்பரிலும் ஜனவரியிலும் பலமுறை தொட்டி முழுவதும் உறைந்து கல்லாயிற்று. அப்போது எதையும் தொடாமல் விட்டேன்; உறைந்த இலையை வளைத்தால் ஒடிந்துவிடும், புழுவுக்கோ அந்தக் குளிர் இயல்பானதே.

மூன்றாம் எண் காலுறையில், டிசம்பர் தொடக்கத்தில், எதிர்பாராத பொருள் ஒன்று கிடந்தது: கடுகைவிடச் சற்றுப் பெரிதாக, தட்டையான, பழுப்பு நிறப் பட்டுக்கூடு. திஷேரியா தன் இலையைவிட்டு வெளியேறாது என்பதால் இது அதனுடையதாக இருக்க முடியாது. அந்தக் காலுறையிலிருந்த இலைகளை மறுபடி ஆராய்ந்தபோது, ஓர் இலையில் நடுநரம்பும் கிளைநரம்பும் சேரும் கக்கத்தில் ஒரு சிறு சுரங்கமும், அதைச் சுற்றி இலையின் மற்ற பகுதி பழுப்பான பின்னும் மங்காத பச்சைத் திட்டின் எச்சமும், கீழ்த்தோலில் ஒரு கீறலும் இருந்தன. எக்டோடேமியா சப்பைமாக்குலெல்லா என்னும் இன்னும் சிறிய ஓர் அந்துப்பூச்சியின் புழு அங்கே இருந்திருக்கிறது. அதன் புழு இலை உதிர்ந்த பின்னும் தின்றுகொண்டே இருக்கும். தன்னைச் சுற்றியுள்ள பகுதி மட்டும் பச்சையாகவே நீடிக்கும். இப்படிப்பட்ட பச்சைத் தீவுகளில் இலை மூப்படைவதைத் தள்ளிப்போடும் சைட்டோகைனின் என்னும் வளர்ச்சிப் பொருள் மிகுந்திருப்பதை இலைச்சுரங்கப் பூச்சிகளில் கண்டறிந்திருக்கிறார்கள். தின்று முடித்ததும் அது இலையைவிட்டு இறங்கி மண்ணில் கூடு கட்டும். மண் கிடைக்காததால் காலுறையின் மடிப்பிலேயே கட்டிவிட்டது. அதை எடுத்து மணல் நிரப்பிய தனிக் குப்பியில் வைத்தேன். இலைகளை இனம்வாரியாகப் பிரிக்கும்போது மேற்பரப்பின் வெண்திட்டை மட்டும் பார்த்துவிட்டு நரம்புக் கக்கங்களைக் கவனிக்காமல் விட்டது எனக்கு ஒரு பாடமாயிற்று. ஒரே இலையில் இரண்டு மூன்று இனங்கள் குடியிருப்பது ஓக் மரத்தில் மிகச் சாதாரணம்.

பிப்ரவரி நடுவில் 15 சுரங்கங்களைப் பிரித்து அறைக்குள் கொண்டுவந்தேன். போதிய குளிரை அனுபவித்த பின் வெப்பத்துக்குக் கொண்டுவந்தால் பூச்சி முன்கூட்டியே வெளிவரும் என்பது அந்துப்பூச்சி வளர்ப்போர் பரவலாகக் கையாளும் முறை. வட்டத்தைச் சுற்றி ஒரு விரல் அகலம் விட்டு இலையை வெட்டி, அடியில் ஈரப்பாசி வைத்த கண்ணாடிக் குப்பியில் ஒன்றொன்றாக இட்டு, வாயைப் பஞ்சால் அடைத்தேன். மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து நான்கு அந்துப்பூச்சிகளும் இரண்டு குளவிகளும் வெளிவந்தன. ஒன்பது சுரங்கங்களிலிருந்து எதுவும் வரவில்லை. வெளியே தொட்டியில் விட்ட 42 சுரங்கங்களிலிருந்து, மே 11 முதல் ஜூன் 4 வரை, 17 அந்துப்பூச்சிகளும் 9 குளவிகளும் வந்தன. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்துப் பெரிய முடிவு சொல்ல முடியாது என்றாலும், அவசரமாக இனத்தை அறிய வேண்டிய தேவை இருந்தாலொழிய, இனி அறைக்குள் கொண்டுவருவதில்லை என்று தீர்மானித்திருக்கிறேன். அறைக்குள் வந்த நான்கில் ஒன்றின் இறக்கை சரியாக விரியாமல் போனதும் அந்தத் தீர்மானத்துக்கு ஒரு காரணம். ஓக் மரம் மொட்டவிழ்க்காத மார்ச்சில் வெளிவந்த பூச்சியை விடுவிக்கவும் இடமில்லை.

ஏப்ரல் கடைசியில் வெளியே இருந்த இலைகளையும் வெட்டிக் குப்பிகளுக்கு மாற்றி, குப்பிகளை அதே வடக்குச் சுவரோரம் நிழலான தட்டில் வைத்தேன். அப்போது விளக்கின் எதிரே பிடித்துப் பார்த்தபோது வட்டங்களுக்குள் இருந்த மஞ்சள் நிழல் பல இலைகளில் செம்பழுப்பாக மாறியிருந்தது. கூட்டுப்புழு உருவாகிவிட்டது என்பதற்கு அதுவே சான்று.

மே 14 காலை ஏழு மணியளவில் ஒரு வெளிவருதலை முழுமையாகப் பார்க்கக் கிடைத்தது. குப்பிக்குள் இலைத்துண்டின் வட்டத்தின் விளிம்பு லேசாக மேடிட்டது. ஒரு நிமிடம் அசைவில்லை. பிறகு கூட்டுப்புழுவே உடலை முறுக்கி முறுக்கி, முதுகுப்புறத்து நுண்முட்களை ஊன்றுகோலாகக் கொண்டு, தோலைப் பிளந்து பாதி உடலை வெளியே நீட்டியது. அந்த நிலையில் அதன் உறை தலைப்பக்கம் வெடித்தது. முதலில் உணர்கொம்புகள், பிறகு முன்னங்கால்கள், பிறகு கசங்கிய மஞ்சள் துணித்துணுக்கு போன்ற இறக்கைகளுடன் பூச்சி வெளியே நடந்து வந்து, குப்பியின் சுவரில் ஏறி நின்றது. சில நிமிடங்களில் இறக்கைகள் நீண்டு சமமாயின. வெற்று உறை இலையில் பாதி உள்ளும் பாதி வெளியுமாகச் செருகி நின்றது. இந்தப் பூச்சி வெளிவந்த சுரங்கங்களில் உறை இப்படியே நிற்பதால், பிறகு மரத்தடியில் சருகைப் புரட்டும்போது, பூச்சி நல்லபடியாகப் போய்விட்ட சுரங்கம் எது, குளவி போன சுரங்கம் எது என்பதை ஒரு பார்வையில் சொல்லிவிடலாம். குளவி வட்டமான சிறு துளை மட்டுமே விட்டுச் செல்கிறது.

பூச்சியின் நிறம் படத்தில் சரியாகப் பிடிபடுவது கடினம். முன் இறக்கை ஆழ்ந்த மஞ்சள், காவிக்கும் மஞ்சளுக்கும் நடுவான நிறம். நுனியை நெருங்கும்போதும் முன்விளிம்பின் அடியிலும் சற்றே கருக்கிறது. பின் இறக்கை சாம்பல் நிறத்தில் ஒடுங்கி, அதன் அகலத்தைவிட நீண்ட மயிர்க்கரையோடு இறகு போலிருக்கும். ஆண் பூச்சியின் உணர்கொம்பில் நீண்ட நுண்மயிர்கள் வரிசையாக நிற்பதால் கைவில்லையிலேயே ஆணையும் பெண்ணையும் பிரித்தறிய முடிந்தது. குப்பியைக் குளிர்சாதனப் பெட்டியில் ஐந்து நிமிடம் வைத்தெடுத்து, வெள்ளைத் தாளின் மேல் விட்டு, சாளர வெளிச்சத்தில் படமெடுத்தேன். செயற்கை விளக்கில் மஞ்சள் அனைத்தும் ஆரஞ்சாகிவிடுகிறது. தனியே வைத்த டோடோனேயா சுரங்கம் இரண்டில் ஒன்றிலிருந்து வந்த பூச்சியைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, அது அளவில் சிறியதாகவும் நிறத்தில் இருண்டதாகவும் இருந்தது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது.

குளவிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொத்தம் 11 குளவிகளும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீளத்தில், உலோகப் பச்சையாகப் பளபளத்தன. உருவத்தைக் கொண்டு யூலோஃபிடே குடும்பம் என்பதுவரை என்னால் சொல்ல முடிந்தது. இலைச்சுரங்கப் புழுக்களில் ஒட்டுண்ணியாக வாழும் குளவிகளில் அந்தக் குடும்பம் முதன்மையானது. அவை வந்தபோது வளர்ப்பு தோற்றுவிட்டதாக நான் எண்ணவில்லை. தாய்க்குளவி இலைத்தோலுக்கு மேலிருந்தே உள்ளே புழு எங்கிருக்கிறது என்று கண்டுபிடித்து முட்டையிடுகிறது. நான் விளக்கும் வில்லையும் கொண்டு செய்ததை அது கொம்புகளால் தட்டியே செய்துவிடுகிறது. ஒவ்வொரு குளவியையும் அது வெளிவந்த சுரங்கத்தின் எண்ணோடு சேர்த்து ஆல்கஹாலில் வைத்திருக்கிறேன். எந்தப் புழுவிலிருந்து எந்தக் குளவி வந்தது என்ற செய்தி, சுரங்கங்களைத் தனித்தனிக் குப்பியில் வைத்தால் மட்டுமே கிடைக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் இட்டிருந்தால், எக்டோடேமியா ஊடே இருந்த இந்தத் தொகுப்பில், அந்தக் குளவிகளுக்கு எந்தப் பயனும் இருந்திருக்காது.

எதுவும் வராத 16 வெளிச் சுரங்கங்களை ஜூன் இறுதியில் திறந்தேன். ஐந்தில் பூஞ்சணம், நான்கில் புழு வற்றியிருந்தது, மூன்றில் பட்டு அறை வெளியிலிருந்து கடித்துத் திறக்கப்பட்டிருந்தது, நான்கில் ஒட்டுண்ணியின் புழு உள்ளேயே இறந்திருந்தது. வற்றிய நான்கும் ஒரே காலுறையைச் சேர்ந்தவை, அதுவும் தொட்டியின் விளிம்பில் மேலாகக் கிடந்த காலுறை. மார்ச் மாதத்தின் வறண்ட காற்று வாரத்தில் அதை மட்டும் நான் அடியில் மாற்றி வைக்கவில்லை என்பது குறிப்பேட்டில் பதிவாகியிருந்தது. பூஞ்சணம் பிடித்த ஐந்தில் நான்கு, இரண்டு இலைகள் முழுதாக ஒட்டிக்கிடந்த இடத்தில் இருந்தவை. அடுத்த முறை காலுறைக்கு ஆறு இலைகள் மட்டும் போட்டு, நடுநடுவே சுரங்கமில்லாத சுருண்ட சருகுகளை இடைவெளிக்காகச் சேர்க்கவும், வாரந்தோறும் காலுறைகளை மேலும் கீழுமாக மாற்றவும் குறித்து வைத்திருக்கிறேன்.

இறக்கை விரியாத ஒன்றையும், அறைக்குள் மார்ச்சில் வந்து இறந்த மூன்றையும் தவிர, மற்ற 17 பூச்சிகளையும் வந்த அன்று மாலையே அவற்றின் இலை கிடந்த அதே மரத்தின் அடிக்கிளைகளில் விட்டேன். ஓக் இலைகள் அப்போது முழுதாக விரிந்து, மேற்பரப்பு இன்னும் தடிக்காமல் பளபளத்தது. குப்பியின் வாயை இலையோடு சேர்த்துப் பிடித்தால் பூச்சி தானாக நடந்து இலையின் அடிப்பக்கம் போய் ஒதுங்கிக்கொள்கிறது. வெட்டி எஞ்சிய சருகுகளை மரத்தடியிலேயே கொட்டி, தொட்டியைக் கொதிநீர் ஊற்றித் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்திருக்கிறேன். எக்டோடேமியாவின் கூடு இருந்த மணல் குப்பியிலிருந்து ஜூன் 9 அன்று, இறக்கை விரித்தால் ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவான, கருப்பில் வெண்புள்ளியுள்ள பூச்சி ஒன்று வந்தது. அந்த இனத்துக்கென்று மண் நிரப்பிய தனித்தொட்டி ஒன்றை இந்த அக்டோபரில் வைக்கப்போகிறேன்.